பேர் கேட்டால் கானம்

19 பெப்ரவரி 1998, வியாழன்

சரியான குளிர். காத்து வேறை. பஸ் ஸ்ரொப்பிலை நிண்டு காது ரெண்டும் விறைச்சுப் போச்சு. பேக்கரியிலை பாண் அடுக்கிற பெல்ற் பழுதாகி அரைநாள் சும்மா நிற்பு. நல்லது. கால் நோகேல்லை.

வந்து குளிப்பறையிலை உடுப்பு ஊறப்போடேக்கை திரும்பவும் அந்த வயலின். சுவரிலை உயரத்திலை இருக்கிற காத்துத் துவாரத்துக்குள்ளாலை வருது. கீழ்வீடாய்த்தான் இருக்கும். கிழமை முழுக்க ஒரே மெட்டு. முதல் பாகம் ரெண்டு தரம், அடுத்த பாகம் ரெண்டு தரம், பேந்து துவக்கத்துக்கு. தகிட தகிட தகிட எண்டு ஒரே துள்ளல்.

சவர்க்கார நுரைக் கையோடை நிண்டு ஸ்வரம் போட்டுப் பாத்தன். கரகரப்பிரியா! சத்தியமாய். கனடாவிலை, மோர்னிங்சைட்டிலை, கீழ்வீட்டிலை, கரகரப்பிரியா!

இவருக்குச் சொன்னன். "கசற் ரேப்பாய் இருக்கும்" எண்டார், பேப்பரை விட்டு நிமிராமல். ரேப் எண்டால் பிழை விட்டிட்டுத் திரும்பத் துவங்குமோ? விசர்க்கதை.

நாளைக்கு: பால், வெங்காயம், இவற்றை சேர்ட்டுக்கு பட்டன்.

21 பெப்., சனி

வெயில். சூடில்லை. கனடா வெயில் பார்வைக்கு மட்டும்தான்.

பொறுக்கேலாமல் போய்க் கதவைத் தட்டிப்போட்டன். வெறுங்கையோடை போகக்கூடாதெண்டு பேக்கரிப் பணிஸ் கொஞ்சம். "முன்னைப்பின்னை தெரியாத ஆக்களின்ரை கதவை ஏன் தட்டுறீர்?" எண்டு இவர் கேட்டுக்கொண்டே இருந்தார். கேட்டுக்கொண்டு இருக்கட்டும்.

திறந்தது ஒரு வெள்ளைக்கார மனுசன். நெட்டை, ஒல்லி, மிளகாய்ப்பழ மூக்கு. பேர் டெஸ். அயர்லாந்துக்காரர். கனகாலம் இஞ்சை சிற்றி பஸ் ஓட்டி இப்ப பென்சன். மனுசி தவறிப்போனா. மகள் விட்பியிலை பெரிய வீடு வாங்கிக்கொண்டு வா வா எண்டு கூப்பிடுறாளாம். போகமாட்டாராம். "அங்கை காரில்லாமல் ஒரு பால்பெட்டி வாங்கேலாது." உள்ளை போய் இருக்க முன்னமே இவ்வளவும் சொல்லிப்போட்டார். எங்கடை ஆக்கள் மாதிரித்தான்.

நானும் வயலின்காரி எண்டு சொன்னன். கலியாணத்துக்கு முன்னம் முறையாய்ப் படிச்சு, கச்சேரிக்குப் பக்கவாத்தியமும் வாசிச்சனான். இஞ்சை வந்தபிறகு பெட்டி அலுமாரிக்கு மேலை கிடக்குது. மனுசன் உடனை தன்ரை வயலினைத் தூக்கி என்ரை கையிலை தந்திட்டார். நான் கம்பளத்திலை சப்பணம் கட்டி இருந்து, ஒரு காலை நீட்டி, வயலின் தலையைக் கணுக்காலிலை வைச்சன். அவற்றை கண்ணைப் பாக்கவேணுமே! "நிலத்திலை இருந்தோ?" எண்டார். தானும் இருந்து பாக்கப்போறன் எண்டு இருந்திட்டார். எழும்பத்தான் ஏலாமல் போச்சு. ரெண்டு கையையும் பிடிச்சு இழுத்து எழுப்பினன். ரெண்டுபேருக்கும் சிரிச்சுக் கண்ணாலை தண்ணி.

அவர் நெஞ்சிலை வைச்சு வாசிக்கிறார், நாடியே படாமல். என்ரை வாத்தியார் கண்டிருந்தால் வில்லாலையே போட்டிருப்பார். ஆனால் அந்தக் கை! வில்லு அசையுதோ இல்லையோ எண்டு இருக்கு, மெட்டு அதுபாட்டிலை ஓடுது.

எங்கை படிச்சதெண்டு கேட்டன். அப்பா விசில் அடிப்பாராம், மாட்டுக்குப் பால் கறக்கேக்கை. அப்பாவுக்கு ஆர் சொல்லிக்குடுத்தது? பானை சட்டி ஒட்டுறவன் ஒருத்தன் மழைக்கு மாட்டுக்கொட்டிலிலை ஒதுங்கி நிண்டு வாசிச்சவனாம். அவனுக்கு? டெஸ் தோளைக் குலுக்கினார். அவ்வளவுதான் பூர்வீகம்.

கடைசியாய்ப் பேர் கேட்டன். கேத்தில் கூவுது, மனுசனுக்கு வாய் நிறைய விசுக்கோத்து. "கானம்" எண்டார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. "கானமோ?" எண்டு திருப்பிக் கேட்டன். "ஓ ஓ, கானம்" எண்டு தலையாட்டிக்கொண்டு தேத்தண்ணி ஊத்துறார், அதிலை ஒண்டுமில்லை எண்ட மாதிரி.

எலிவேற்றருக்கு நிக்கேல்லை. படியாலை ஓடி வந்து மூச்சு வாங்க இவருக்குச் சொன்னன். பேப்பரைக் கீழை வைச்சார்! இவர் பேப்பரைக் கீழை வைக்கிறதெண்டால் வீடு பத்தவேணும்.

25 பெப்., புதன்

பனி கரைஞ்சு எல்லா இடமும் சேறு. சப்பாத்தெல்லாம் உப்பு.

இவருக்கு நித்திரையில்லை, சாப்பாடில்லை. நெடுகக் கானம்தான். எந்தக் கடல், எந்தக் காத்து, எந்தத் துறைமுகம். ஊரிலை பூமிசாஸ்திர வாத்தியார் எல்லே. எங்கடை கடலிலையிருந்து முத்தும் மிளகும் ஏத்திக்கொண்டு கப்பல் போகேக்கை மெட்டும் ஏறிப் போயிட்டுதாம். துறைமுகம் துறைமுகமாய் இறங்கி ஏறி அயர்லாந்திலை கரை தட்டிச்சுதாம். "மெட்டுக்கு உடுப்பு மாத்தலாம், பேர் மாறாது. பாத்தீரே, பேர் அப்பிடியே நிக்குது! அந்தப் பானை ஒட்டினவன் ஆர்? யோசியும்!"

நான் என்னத்தை யோசிக்க. வெண்டிக்காய் வெட்டிக்கொண்டு நிண்டனான்.

பகிடி பண்ணலாம் எண்டு வாய் வரும், பேந்து அடக்கிப்போடுவன். அங்கை ஒரு வகுப்பே வாயைப் பாத்துக்கொண்டு இருந்த மனுசன். இஞ்சை டவுன்ரவுனிலை கார் தரிக்கிற இடத்திலை கண்ணாடிப் பெட்டிக்குள்ளை இருந்து ரிக்கற் குடுக்கிறார். நாள் முழுக்க அவரோடை ஒருத்தரும் ரெண்டு வசனம் சேத்துக் கதைக்கிறேல்லை.

பின்னேரம் பண்டிதர் ஐயா போன். எங்கடை தமிழ் ஒன்றியத்துக்கு அவர்தான் தலைவர். மார்ச் 14 சனிக்கிழமை பள்ளிக்கூட மண்டபத்திலை முத்தமிழ் மாலை. இவர் ஏற்கனவே எடுத்துப் புளுகிப்போட்டார் போலை. பத்து நிமிசம் பேசட்டாம். தலைப்பும் குடுத்தாச்சு: "அயர்லாந்தில் ஒலிக்கும் தமிழ்க் கானம்".

போனை வைச்சிட்டு நேரை கண்ணாடிக்கு முன்னாலை போய்த் தலை சீவி இழுத்தார். வீட்டுக்குள்ளை இருக்கேக்கை!

கனடா வந்த நாள் துவங்கி இவரை ஒருத்தரும் மேடைக்குக் கூப்பிட்டதில்லை. முருகா, நல்லாய் வரவேணும். இவரைப் பாத்து ஒரு குஞ்சும் சிரிக்கக்கூடாது.

1 மார்ச், ஞாயிறு

டெஸ்ஸைத் தேத்தண்ணிக்குக் கூப்பிட்டது. வடை, ரோல்ஸ், கேசரி. வடையிலை பச்சைமிளகாய் கூடிப்போச்சு. மூக்கு இன்னும் சிவந்துது, ஆனால் விடாமல் சாப்பிட்டார். பாவம் மனுசன், தனியச் சமைச்சு என்னத்தைத் திண்ணுறாரோ.

இவர் சுவரிலை உலகப்படம் கொழுவி, யாழ்ப்பாணத்திலையிருந்து அயர்லாந்து வரைக்கும் சிவப்புக் கம்பளி நூல் இழுத்துக் குண்டூசி குத்தி வைச்சிருக்கிறார். என்ரை ஸ்வெற்றர் பின்னுற நூல். கேக்காமல் எடுத்தது.

பேந்து துவங்கிச்சுது விசாரணை. உங்கடை ஊருக்குக் கிட்டக் கடல் இருக்கோ? இருக்கு. கப்பல் வந்திருக்குமோ? "குட் பீ." இருக்கலாமாம். கிழக்கிலையிருந்து வந்திருக்குமோ? "குட் பீ." கேசரியை வாயிலை வைச்சுக்கொண்டு எல்லாத்துக்கும் குட் பீ. வந்த வீட்டிலை மறுத்துக் கதைக்கிறது மரியாதையில்லை எண்டு நினைக்கிற ஆள். இவர் என்ரை பக்கம் திரும்பிக் கண்ணாலை காட்டுறார்: கேட்டீரே, அவரே ஒத்துக்கொண்டிட்டார்!

மேடையிலை மெட்டை வாசிச்சுக் காட்ட டெஸ் ஓமெண்டிட்டார், நானும் வாசிச்சால் மட்டும்தானாம். இவர் எப்பனும் யோசிக்காமல் "ஓம், வாசிப்பா" எண்டார். ஆரைக் கேட்டு?

இவர் அவரை டெஸ் அண்ணை எண்டு கூப்பிட, அவரும் அண்ணை எண்டது இவற்றை பேரெண்டு நினைச்சு "தாங் யூ அண்ணை" எண்டுறார். ஆருக்கு ஆர் அண்ணை எண்டு தெரியாமல் ரெண்டும் அண்ணை அண்ணை எண்டு வாசல் வரைக்கும். என்னை மிஸஸ் மனி எண்டுறார். தவமணி எண்டு சொல்ல நாக்குப் பிரளாதாம்.

5 மார்ச், வியாழன்

திரும்பவும் பனி. வேலை முடிஞ்சு நேரை கீழ்வீடு.

பெட்டியைத் திறந்தால் ரெண்டு கம்பி அறுந்து கிடக்குது. டெஸ் தன்னட்டை இருந்ததை மாட்டித் தந்தார். அவற்றை சுருதிக்கு நான்தான் போகவேண்டி வந்துது. விரல் எல்லாம் வழுக்குது. பாண் அடுக்கின விரல்.

நான் ஒரு கமகம் போட்டன், பழக்க தோசம். டெஸ் வில்லை நிப்பாட்டிப்போட்டு, "உங்கடை ஸ்வரத்துக்குக் கப்பலிலை போய்த் தலைச்சுத்தோ?" எண்டு கேட்டார். நல்ல கேள்விதான். அவர் விரலாலை ஒரு சுழட்டுச் சுழட்டுறார், அதுக்குப் பேர் ரோலாம். எங்களுக்கு ரோல் எண்டால் உள்ளை கிழங்கும் மீனும் இருக்கவேணும் எண்டு சொன்னன். விழுந்து விழுந்து சிரிச்சார்.

நாலாம் தரம் வாசிக்கேக்கை ரெண்டு வயலினும் ஒண்டாய்ப் போச்சு. அந்த இடத்திலை எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சுது. நான் ஏன் இவ்வளவு காலமும் இதை அலுமாரிக்கு மேலை போட்டு வைச்சனான் எண்டு என்னிலையே கோவம் வந்துது.

மேலை வந்தால் இவர் குளிப்பறைக்குள்ளை. குரல் எதிரொலிக்குதெண்டு அங்கைதான் ஒத்திகை. "பேரன்புமிக்க சபையோரே! கானம்! கானம் என்னும் அந்த ஒரு சொல்!" நான் வெளியிலை காலைப் பின்னிக்கொண்டு நிக்கிறன். ஒருத்தர் குளிப்பறைக்குப் போகவேண்டாமோ?

8 மார்ச், ஞாயிறு

முழுக்க எழுதிப்போட்டால் மனம் ஆறும் எண்டு எழுதுறன்.

காலமை உடுப்புத் தோய்க்கக் கீழை மெசின் அறைக்குப் போனனான். டெஸ்ஸும் நிண்டார். சொக்ஸ் சோடி சேத்துக்கொண்டு நிண்ட மனுசன், மெல்லக் கிட்ட வந்து, "மிஸஸ் மனி, அண்ணை எங்கை ஐரிஷ் பாசை படிச்சவர்?" எண்டு கேக்கிறார்.

"ஐரிஷோ? ஆர்? இவரோ?"

"ஒவ்வொரு நாளும் குளிப்பறையிலை நிண்டு கத்துறார். துவாரத்துக்குள்ளாலை என்ரை தலைக்கு மேலை கேக்குது. வேறை ஒண்டும் விளங்கேல்லை. ஆனால் 'கன் அனிம், கன் அனிம்' எண்டு அழமாட்டாக் குறையாய்க் கத்துறார். பேரில்லை, பேரில்லை எண்டு. ஏதோ பெரிய துக்கம் எண்டு நினைச்சு நான் கேக்கேல்லை."

என்ரை கையிலை இருந்த துவாய் கீழை விழுந்திட்டுது.

கன் எண்டால் இல்லாமல். அனிம் எண்டால் பேர். கெதியாய்ச் சொன்னால், அதுவும் வாயிலை விசுக்கோத்தோடை சொன்னால், கானம். பேர் மறந்துபோன மெட்டுக்கெல்லாம் அவை அப்பிடித்தான் சொல்லுறவையாம். கணக்கில்லாமல் கிடக்காம் அப்பிடி. அண்டைக்கு அவர் பேர் சொல்லேல்லை. பேர் இல்லை எண்டு சொன்னவர். நான் "கானமோ?" எண்டு திருப்பிக் கேக்க, எனக்கு ஐரிஷ் வாயிலை வருது எண்டு சந்தோசப்பட்டவராம்!

முதல் சிரிப்புத்தான் வந்துது. மெசினைப் பிடிச்சுக்கொண்டு சிரிச்சன். டெஸ்ஸுக்குக் கானம் எண்டால் எங்களுக்குப் பாட்டு எண்டு சொல்ல, அவரும் சிரிச்சார். பேந்துதான் இவற்றை முகம் மனசிலை வந்துது. சனிக்கிழமை. மேடை. மண்டபம் நிறைய ஆக்கள். அந்தத் தலைப்பு.

சிரிப்பு நிண்டு போச்சு.

9 மார்ச், திங்கள்

சொல்லேல்லை. சொல்லத்தான் இருந்தனான். பழைய சாமான் கடையிலை சேர்ட்டுக்குக் கட்ட ஒரு ரை வாங்கிக்கொண்டு வந்து, "வடிவோ?" எண்டு கழுத்திலை வைச்சுக்கொண்டு நிக்கிறார். வடிவெண்டன். உண்மையிலையும் வடிவுதான்.

10 மார்ச், செவ்வாய்

மழை. சொல்லேல்லை. ஜெர்மனியிலை இருக்கிற தம்பிக்குக் போனிலை, கோலிங் காட் காசு முடியும்வரைக்கும் கானத்தைப் பற்றி விளங்கப்படுத்தினார். அந்தத் தம்பிக்கு ஒரு தலையிடி மாத்திரை அனுப்பவேணும்.

டெஸ் படியிலை கண்டு, "சொல்லிப்போட்டீங்களோ?" எண்டார். இல்லையெண்டு தலையாட்டினன். ஏதோ களவெடுத்த ஆக்கள் மாதிரி ரெண்டுபேரும்.

சொல்லாமல் விட்டால்? ஒருத்தருக்கும் ஐரிஷ் தெரியாது, தப்பலாம். ஆனால் டெஸ் மேடையிலை இருப்பார். ஆரும் ஒருத்தன் எழும்பி அவரட்டைக் கேட்டால்? உள்ளதைத்தான் சொல்லுவார். அந்த இடத்திலை இவர் ரையோடை நிக்கிற நிலையை என்னாலை பாக்கேலாது.

11 மார்ச், புதன்

சொல்லிப்போட்டன்.

இடியப்பம், சொதி, சம்பல். நல்லாய்ச் சாப்பிட விட்டிட்டு, கை கழுவினாப்பிறகு. "இஞ்சேருங்கோ, ஒண்டு சொல்லவேணும், கோவிக்கக்கூடாது."

எல்லாத்தையும் சொன்னன். கேத்தில், விசுக்கோத்து, துவாரம். இவர் மேசையிலை விழுந்து கிடந்த இடியப்பத் துண்டை விரலாலை உருட்டிக்கொண்டே இருந்தார். கோவம் வரும் எண்டு பாத்தன், வரேல்லை. வந்திருந்தால் எனக்குச் சுகம்.

"பேரில்லை எண்டு சொல்லவோ ஒரு பேர்?" எண்டார்.

"நான்தான் ஓடிவந்து கத்தினனான். என்ரை காதுதான் பிழை விட்டது."

"காது உம்மடை. ஆசை என்ரை" எண்டார்.

எழும்பிப் போய் உலகப்படத்திலையிருந்து குண்டூசியை ஒவ்வொண்டாய்க் கழட்டினார். சிவப்பு நூலை வடிவாய்ச் சுத்தி உருண்டையாக்கி என்ரை பின்னல் பைக்குள்ளை வைச்சார். நான் குசினிக்குள்ளை போய்த் தண்ணியைத் திறந்து விட்டிட்டு அழுதன்.

12 மார்ச், வியாழன்

"பண்டிதர் ஐயாவுக்குக் காய்ச்சல் எண்டு போன் பண்ணிச் சொல்லுங்கோ" எண்டன். "ம்" எண்டார். அது ஓமோ இல்லையோ ஆருக்குத் தெரியும்.

பின்னேரம் டெஸ் மேலை வந்தார், கையிலை தான் சுட்ட பாணோடை. பேக்கரிக்காரி வீட்டுக்குப் பாண். கல்லு மாதிரி இருந்துது, ஆனால் மனசு. தன்ரை விசுக்கோத்தாலை வந்த வினை எண்டு மன்னிப்புக் கேட்டார். இவர், "டெஸ் அண்ணை, அதை ஒருக்கா ஆறுதலாய்ச் சொல்லுங்கோ" எண்டார்.

"கன். அனிம்."

"கன். அனிம்."

"இப்ப நீங்கள் உங்கடையைச் சொல்லுங்கோ."

"கா. னம்."

குசினிக்குள்ளை நிண்ட எனக்கு ரெண்டு கிழடும் திரும்பத் திரும்பச் சொல்லுறதுதான் கேக்குது. பேந்து ஒரு சிரிப்பு. முதல் எனக்கு ஆர் எண்டு பிடிபடேல்லை. இவர்தான்.

13 மார்ச், வெள்ளி

குளிப்பறையிலை ஒத்திகை இல்லை. என்ன பேசப்போறியள் எண்டு கேட்டால் "வந்து கேளும்" எண்டுறார். சேர்ட்டைத் தானே மினுக்கினார்.

நாளைக்கு: சேலை நீலம், தலைக்குப் பூ (பிளாஸ்ரிக்தான்), வில்லுக்கு ரோசின்.

15 மார்ச், ஞாயிறு

காலமை. இவர் இன்னும் நித்திரை. மறக்க முன்னம் எழுதவேணும்.

மண்டபம் நிறைஞ்ச சனம். வழக்கம்போலை நேரம் பிந்தித் துவக்கம், மைக் கீச்சிடல், ஆரோ ஒருத்தற்றை கார் லைற் எரியுதாம் எண்டு அறிவித்தல். நானும் டெஸ்ஸும் திரைக்குப் பின்னாலை. டெஸ் தன்ரை கலியாணக் கோட்டுப் போட்டிருந்தார். நான் வில்லுக்குத் திரும்பத் திரும்ப ரோசின் பூசினன்.

இவர் போய் உலகப்படத்தைக் கொழுவினார், நூல் இல்லாமல். "பேரன்புமிக்க சபையோரே. ஒருநாள் என்ரை மனுசி படியாலை ஓடி வந்து, கீழ்வீட்டு அயர்லாந்துக்காரற்றை மெட்டுக்குப் பேர் கானம் எண்டு சொன்னா."

முன்வரிசையிலையிருந்து பண்டிதர் ஐயா: "மாஸ்டர், கானம் வடசொல் எல்லோ! அது தமிழே இல்லை!"

மண்டபம் கொல்லெண்டு சிரிச்சுது. "என்ன நடந்தது?" எண்டு டெஸ் கேக்கிறார். "அவரைப் பாத்துச் சிரிக்கினம்" எண்டன். டெஸ் கதிரையை விட்டு எழும்பிட்டார், சண்டைக்குப் போற ஆள் மாதிரி.

இவர் அசையேல்லை. வகுப்பு அடங்கும்வரைக்கும் நிக்கிற நிலை நிண்டார். எனக்குத் தெரியும் அந்த நிலை. பேந்து சொல்லுறார்: "பொறுங்கோ ஐயா. இதைவிட மோசமாய் ஒண்டு இருக்கு."

சொன்னார் பாருங்கோ முழுக்கதையையும்! கேத்தில் கூவினதை, விசுக்கோத்தை, தான் நூல் இழுத்துக் குண்டூசி குத்தினதை, டெஸ்ஸின்ரை குட் பீயை அவற்றை குரலிலையே. கிழமைக்கணக்காய்க் குளிப்பறைக்குள்ளை நிண்டு, கீழ்வீட்டு மனுசன் துக்கப்படும்படியாய், "பேரில்லை! பேரில்லை!" எண்டு கத்தினதை நடிச்சும் காட்டினார். சனம் வயித்தைப் பிடிச்சுக்கொண்டு சிரிச்சுது. பண்டிதர் ஐயா சால்வையாலை கண் துடைக்கிறார். நேர மணி அடிச்சுது. பின்னாலையிருந்து ஆரோ, "மணியை விடு, மாஸ்டர் கதைக்கட்டும்!" எண்டு கத்தினான். அவனுக்கு நூறு வயசு.

கடைசியிலை குரலை இறக்கினார். "இந்த மெட்டு எங்கை பிறந்தது எண்டு எனக்குத் தெரியாது. டெஸ் அண்ணைக்குத் தெரியாது. அவற்றை அப்பாவுக்கும் தெரியாது. மழைக்கு ஒதுங்கி நிண்ட ஒருத்தன் குடுத்திட்டுப் போனவன். நாங்களும் இஞ்சை ஒதுங்கி நிக்கிற ஆக்கள்தானே. கேளுங்கோ."

திரை திறந்துது. நான் பாயிலை, டெஸ் பக்கத்திலை கதிரையிலை. முதல் பாகம் ரெண்டு தரம், அடுத்தது ரெண்டு தரம். மூண்டாம் சுத்திலை மிருதங்கக்காரர் பொறுக்கமாட்டாமல் தகிட போட்டுக்கொண்டு வந்து சேந்தார். சனம் கைதட்டித் தாளம். டெஸ் காலாலை மேடையை உதைக்கிறார். நான் எங்கை நிக்கிறன் எண்டே தெரியேல்லை. இருந்துகொண்டெல்லோ வாசிச்சனான், பிறகென்ன நிக்கிறது.

முடிஞ்சபிறகு இவரைச் சுத்தி ஒரே கூட்டம். மாஸ்டர், மாஸ்டர் எண்டு. நாங்கள் ரெண்டு வயலின்காரரும் வடை எடுக்க வரிசையிலை நிண்டம்.

வீட்டுக்கு வாற வழியிலை எலிவேற்றருக்குள்ளை, "நல்லாய் இருந்ததோ?" எண்டு கேட்டார், சின்னப்பிள்ளை மாதிரி. "உங்களைக் கட்டினது என்ரை நல்லகாலம்" எண்டு சொல்லிப்போட்டன். இவ்வளவு வருசத்திலை இப்பிடி நேரை சொன்னதில்லை. "ஆக்கள் நிக்கினம்" எண்டார். நிண்டது ஒரு பஞ்சாபி அம்மா மட்டும். அவவுக்குத் தமிழ் விளங்காது. ஆனால் சிரிச்சா.

16 மார்ச், திங்கள்

வேலையிலை பெல்ற் நல்லாய் ஓடிச்சுது. கால் நோ.

டெஸ் வந்தார். ஒரு விசயம் கேக்கவேணுமாம். அந்தச் சொல்லைத் தனக்குத் தரலாமோ எண்டு. அவை தங்களுக்குள்ளை மெட்டுக்குப் பேர் வைக்கிறது இப்பிடித்தானாம், ஆரோ ஒருத்தற்றை வீட்டிலையிருந்து. "அப்பாவின்ரை மெட்டு பேரில்லாமல் கிடந்தது எனக்குக் கவலைதான். இனி ஆரும் கேட்டால் உங்கடை கானம் எண்டு சொல்லுறன்."

இவர் எழும்பி நிண்டு கைகுடுத்தார். ஏதோ காணி எழுதிக்குடுக்கிற மாதிரி. பேந்து கா நீளவேணும், நீளவேணும் எண்டு அரைமணித்தியாலம் வாத்தியார் வேலை. "அப்ப பேர் இப்ப உண்மையிலையே எங்கடைதான்!" எண்டார் என்னைப் பாத்து. "வடசொல்லாம்" எண்டன். முறைச்சார்.

நாளைக்கு அயர்லாந்துக்காரற்றை பெருநாள், எல்லாரும் பச்சை உடுக்கிற நாளாம். வயலின்காரர் கூடுற இடத்துக்கு எங்களையும் வரட்டாம். அது சாராயக் கடை எல்லோ எண்டன். கோக்கும் இருக்காம்.

18 மார்ச், புதன்

லீவு போட்டனான். காது இன்னும் இரையுது.

நேற்று முழுக்கப் பச்சை. பச்சைத் தொப்பி, பச்சைப் பியர், கோதாரி, ஒருத்தருக்கு மீசையும் பச்சை. நான் சேலை, இவர் அந்த ரை. ஒருத்தரும் வித்தியாசமாய்ப் பாக்கேல்லை, எல்லாரும் அப்பிடித்தானே நிக்கினம். வயலின், புல்லாங்குழல், வட்டமாய் ஒரு தோல் மேளம். மூலையிலை மேசையைத் தள்ளி எனக்கு நிலத்திலை இடம் பண்ணித் தந்தவை. ஆரோ தன்ரை கோட்டை மடிச்சுக் கீழை போட்டான்.

டெஸ் துவங்கினார், நான் சேந்தன். ரெண்டாம் சுத்திலை மற்றவையும் பிடிச்சிட்டினம். எங்கடை மெட்டு அந்த மூலை முழுக்க. முடிய ஒரே கூக்குரல்.

தாடிக்காரர் ஒருத்தர், அங்கை பெரிய வித்துவான் போலை, முன்னுக்குச் சாய்ஞ்சு, "அருமையான மெட்டு டெஸ். பேர் என்ன?" எண்டு கேட்டார்.

டெஸ் நிமிந்து இருந்தார். இவரைப் பாத்துக் கண்ணடிச்சார். படிப்பிச்சபடியே, நல்லாய் நீட்டி, "கானம்" எண்டார்.

தாடிக்காரர் தலையை ஆட்டினார். "பாவம். இவ்வளவு நல்ல மெட்டுக்கு ஒரு பேர் வைக்க ஒருத்தரும் இல்லாமல் போயிட்டினமே."

இவர் வாயைத் திறந்தார். விரலும் தூக்கியாச்சு, வகுப்பிலை தூக்கிற மாதிரி. முடிஞ்சுது கதை, உலகப்படம் ஒண்டுதான் குறை எண்டு நினைச்சன். டெஸ்ஸைப் பாத்தார். என்னைப் பாத்தார். மெல்ல விரலை மடிச்சார். குனிஞ்சு என்ரை காதுக்குள்ளை சொன்னார்:

"விடும். பேர் இருக்கு. அவைக்குக் கேக்கேல்லை, அவ்வளவுதான்."